புகழும் இரங்கலும்: பட்டாசு மண்ணில் யாருக்கு எந்தச் சொல்?



நினைவுச் சொற்பொழிவு என்பதே ஒருவகைப் புகழுரைதான். இறந்துபோன ஒருவரை முன்னிட்டு இருப்பவர்கள் கூடிப் பேசுகிறோம். ஆகவே இந்த ஆண்டு அந்தச் செயலையே எடுத்து விசாரிக்கலாம் என்று நினைத்தோம். ஒருவர் இறந்ததும் நாம் என்ன பேசுகிறோம்? அந்தப் பேச்சுக்கு என்னென்ன பெயர் வைத்திருக்கிறோம்? யார் செத்தால் எந்தச் சொல் முன்வருகிறது, யார் செத்தால் எந்தச் சொல்லும் வராமல் ஓர் எண்ணிக்கை மட்டும் வருகிறது? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று வெடிச்சத்தத்தோடு சாவுச் செய்தியும் கேட்டுப் பழகிய ஊர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது.

இரண்டு சொற்கள், இரண்டு செயல்கள்

ஆங்கிலத்தில் ‘யூலஜி’ என்று ஒரு சொல் உண்டு. அதன் வேர் கிரேக்கம். ‘நல்ல’, ‘பேச்சு’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நல்லதைப் பேசுதல் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். சாவு அந்தச் சொல்லின் வேரில் இல்லை, வழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது.

கிரேக்க நகரமான ஏதென்சில் போரில் இறந்தவர்களுக்குப் பொதுச் செலவில் அடக்கம் நடக்கும். நகரத்தின் சார்பில் ஒருவர் எழுந்து உரை நிகழ்த்துவார். கி.மு. 431இல் தொடங்கிய போரின் முதலாண்டு முடிவில் பெரிக்ளிஸ் ஆற்றிய உரையை வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் பதிவு செய்திருக்கிறார். உலகின் புகழுரைகளுக்கெல்லாம் முன்மாதிரியாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த உரையில் இறந்த ஒருவரின் பெயர்கூட இல்லை. புகழெல்லாம் நகரத்துக்கே போகிறது. இறந்தவர்களின் பெயர்கள் தனியாகக் கல்லில், குலவாரியாக வெட்டப்பட்டன. பேச்சு அரசுக்கு, பெயர் கல்லுக்கு என்று அன்றே ஒரு பிரிவினை இருந்திருக்கிறது. பெண்களையும் அடிமைகளையும் குடிமக்களாக எண்ணாத நகரம் அது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழில் அந்த ஒரு சொல்லுக்கு நாம் இரண்டு சொற்களைப் புழங்குகிறோம். ஒன்று புகழுரை. இன்னொன்று இரங்கலுரை. இவை இரண்டும் ஒரே செயல் அல்ல. புகழ்பவர் இறந்தவரின் வாழ்வைப் பார்க்கிறார். இரங்குபவர் தன் இழப்பைப் பார்க்கிறார். நெய்தல் திணையின் உரிப்பொருளாக நம் இலக்கணம் வைத்தது இந்த இரங்கலைத்தான். இவை போக அஞ்சலி என்ற வடசொல் இருக்கிறது, கைகூப்புதல் என்று பொருள். நினைவேந்தல் இருக்கிறது. வீரவணக்கம் இருக்கிறது. இத்தனை சொற்களும் எல்லாச் சாவுக்கும் சமமாகப் பகிரப்படவில்லை என்பதே நமது பேச்சின் மையம்.

கல்லில் பெயர்

தொல்காப்பியம் நடுகல் வழிபாட்டைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறது. கல்லைத் தேர்ந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, கடைசியில் வாழ்த்துகிறார்கள். புகழுரை அந்த வாழ்த்தில் இருக்கிறது. இரங்கலுக்குத் தனியாகக் கையறுநிலை என்ற துறை உண்டு. செய்வதறியாது கை அற்றுப்போன நிலை. பாரி இறந்தபின் கபிலரும், அதியமான் இறந்தபின் ஔவையாரும் பாடியவை அந்தத் துறையைச் சேர்ந்தவை.

மன்னருக்கு மட்டுமே கல் நட்டார்கள் என்று எண்ண வேண்டாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்ற ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அரசர் அல்லர். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பெயரை நாம் சொல்கிறோம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். கள்ளரை எதிர்த்துக் கடித்து நின்ற நாய் அது. ஒரு நாயின் உழைப்பையும் பெயர் சொல்லிப் பதிந்த மண் இது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

புறநானூற்றின் 335ஆம் பாட்டை நம் அரங்குகளில் அடிக்கடி எடுத்துப் பேசுவோம். மாங்குடி கிழார் பாடியது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளைச் சொல்லி, இவர்களையல்லாமல் குடி இல்லை என்கிறார். களத்தில் வீழ்ந்தவனின் கல்லையல்லாமல் நெல் தூவி வணங்கும் கடவுளும் இல்லை என்கிறார். பறையனின் பெயர் குடிப்பெருமையாகவும், வீழ்ந்தவனின் கல் தெய்வமாகவும் ஒரே பாட்டில் வருவதை நாம் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியாது. புகழ் சொல்லும் கலையும் அதைச் சொன்ன குடிகளும் அன்று ஒரே இடத்தில் நின்றன.

பிறர் சாவுக்கு அடித்த பறை

பிறகு என்ன நடந்தது? முதலாம் இராசராசன் காலத்திலிருந்து மெய்க்கீர்த்தி என்ற வடிவம் நிலைபெறுகிறது. கல்வெட்டின் தலையில் மன்னனின் வெற்றிகள் வரிசையாக வரும். செத்த பிறகு சொன்ன புகழ், உயிரோடு ஆள்பவனுக்கு முன்கூட்டியே சொல்லும் புகழாக மாறியது. கல் வீரனை விட்டுக் கோயில் சுவருக்குப் போனது.

பறையோ சாவு வீட்டோடு கட்டிப்போடப்பட்டது. துக்கச் சேதி சொல்லப் போவது, பறையடிப்பது, குழி வெட்டுவது, சிதையடுக்குவது எல்லாம் சேரியின் ‘கடமை’ ஆக்கப்பட்டன. ஊரில் யார் செத்தாலும் நம் பாட்டன்மார் அடித்துத் தீர்க்க வேண்டும். நம் வீட்டில் யாராவது செத்தால் ஊரிலிருந்து ஒருவர் வர மாட்டார். பொதுப்பாதையில் பிணத்தைக் கொண்டுபோகக்கூடப் போராட வேண்டியிருந்தது. இறந்தோரைப் பெருமைப்படுத்தும் தொழில்நுட்பம் முழுவதும் யார் கையில் இருந்ததோ அவர்களின் சாவுக்கு மட்டும் பெருமை மறுக்கப்பட்டது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக நம்மவர்கள் மறுத்ததையும், அதற்காக அடிபட்டதையும் இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அந்த மறுப்பில் சாதி இழிவை உதறுவது இருந்தது. நமது கலையை நமது தேவைக்கு மீட்பதும் இருந்தது. இன்று அதே பறை நமது மாநாடுகளில் ஒலிக்கிறது.

ஒப்பாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்புச் சொல்லி அழுவது அது. நம் பெண்கள் மாரடித்து அழும்போது செத்தவரின் அருமையைச் சொல்வார்கள். அதோடு நிறுத்த மாட்டார்கள். கூலியைக் குறைத்த முதலாளி, வைத்தியம் பார்க்காத அண்ணன், குடித்தே அழித்த புருஷன் என்று ஒவ்வொருவராகப் பந்தலுக்கு இழுத்து வந்து நிறுத்துவார்கள். சாதாரண நாளில் சொன்னால் அடி விழும் சொற்கள் சாவு வீட்டில் அனுமதிக்கப்பட்டன. ஏட்டுப் புகழுரை நல்லதை மட்டும் பேசுகிறது. ஒப்பாரி நல்லதையும் பேசும், வழக்கையும் தொடுக்கும். நமது மரபில் புகழும் புகாரும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த மாவட்டத்துப் பட்டாசுச் சாவுகளைப் பேச நமக்குப் பொருத்தமான வடிவம் அதுதான் என்பது நமது கருத்து.

விருதின் ஊரும் குட்டி ஜப்பானும்

விருதுநகரின் பெயரிலேயே புகழ் இருக்கிறது. விருதுகள் பல வென்று வந்த வீரன் ஒருவனை உள்ளூர்க்காரர் ஒருவர் வென்றதால் விருதுகள்வெட்டி என்று பெயர் வந்து, பின் விருதுபட்டி ஆயிற்று என்பது வழிவழிக் கதை. 1923இல் அது விருதுநகர் ஆனது. இதே ஊரில்தான் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது அவரது முதன்மைக் கோரிக்கை. அக்டோபர் 13 அன்று உயிர் பிரிந்தது. பெயர் மாற்றம் 1969இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. ஒரு பெயருக்காகச் செத்தவருக்குப் பெயர் நிலைத்தது.

அதே 1923ஐ ஒட்டித்தான் சிவகாசியின் தொழில் கதையும் தொடங்குகிறது. ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் இந்த வறண்ட கரிசல் பூமியில் வேர்பிடித்தன. நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதாக ஊரே பெருமையோடு சொல்லும். இந்தப் புகழில் நியாயம் உண்டு. 1899இல் கோயில் நுழைவு உரிமை கேட்டதற்காக சிவகாசியில் நாடார்கள் கொள்ளைக்கும் தாக்குதலுக்கும் ஆளானார்கள். இழிவுபடுத்தப்பட்ட ஒரு சமூகம் கல்வியாலும் வணிகத்தாலும் எழுந்து நின்ற கதையை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்தப் புகழுரையின் வாக்கிய அமைப்பைக் கவனியுங்கள். கற்றுவந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. திரி சுற்றியவர்களுக்கும், குச்சி அடுக்கியவர்களுக்கும், மருந்து செலுத்தியவர்களுக்கும் பெயர் இல்லை. விடியுமுன் வந்து நிற்கும் கம்பெனி வண்டியில் ஏறிப்போன பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியிலிருந்து வந்த பாமா ‘சங்கதி’யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் சிறுமியை எழுதிய பிறகுதான் அந்தப் பிள்ளைகள் இலக்கியத்துக்குள் முகத்தோடு நுழைந்தார்கள். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படத்துக்கு ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று பெயர். புகழ்ச்சொல்லை எடுத்து அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று காட்டிய தலைப்பு அது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் இடத்தில் தாய்மார்களும் அக்காமார்களும் உட்கார்ந்தார்கள்.

‘பலி’ என்ற சொல்

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 பேர். வேலையாட்கள் மட்டுமல்ல, முதல் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17, ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி: 10 பேர். அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி: மறுபடியும் 10 பேர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இது முழுப் பட்டியல் அல்ல. இறந்தவர்களில் பல சாதி ஏழைகளும் இருக்கிறார்கள். நமது சேரிகளின் பெண்களும் இளைஞர்களும் ஒவ்வொரு பட்டியலிலும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலைத் தாளை விரித்துப் பாருங்கள். வாக்கியம் ஏற்கெனவே வார்த்து வைக்கப்பட்டிருக்கும். “மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடித்ததில் இத்தனை பேர் உடல் கருகி பலி.” இதில் எழுவாய் உராய்வு. உராய்வுக்கு முதலாளி இல்லை, உரிமம் இல்லை, சாதி இல்லை. விதிப்படி நான்கு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் உட்கார வைக்கப்பட்டார்கள், உரிமம் வாங்கியவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டாரா, நாக்பூர் லைசென்ஸா டி.ஆர்.ஓ. லைசென்ஸா, அந்த லைசென்சில் பேன்சி ரகம் செய்ய அனுமதி உண்டா என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துவிடுகின்றன.

அடுத்த சொல் பலி. பலி என்றால் தெய்வத்துக்குக் கொடுப்பது. பலி என்று ஒன்று இருந்தால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும், வாங்கிய தெய்வம் ஒன்று இருக்க வேண்டும். பூசாரியையும் சாமியையும் மறைத்துவிட்டு ஆட்டை மட்டும் காட்டும் செய்தி இது. எண்ணிக்கைக்குப் பின்னால் இந்தச் சொல்லைப் போட்டுப் போட்டு நம் காதும் மரத்துவிட்டது.

மூன்றாவது சொல் இரங்கல். அன்று மாலைக்குள் தில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆழ்ந்த இரங்கல் வந்துவிடும். கூடவே தொகையும் வரும். அச்சங்குளம் சம்பவத்தில் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம், மாநில அரசிடமிருந்து 3 லட்சம் அறிவிக்கப்பட்டது. பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் என்று உத்தரவிட்டது. நிவாரணம் கருணையின் சொல். இழப்பீடு உரிமையின் சொல். இரண்டு தொகைக்கும் நடுவே இருக்கும் தூரம் இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான்.

இந்த இரங்கல்களில் ஒரு துளிப் புகழ் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? தலைவர் ஒருவர் இறந்தால் அவரது திறமையைப் பேசுவார்கள். மருந்து கலக்கும் ஒருவர் இறந்தால் அவர் திறமைசாலி என்று யாரும் சொல்வதில்லை. வெயில் ஏறுமுன் எந்தக் கலவையை முடிக்க வேண்டும், அலுமினியப் பொடி எப்போது சூடு பிடிக்கிறது, எந்த அளவுக்கு மேல் அழுத்தக் கூடாது என்பதைக் கைவிரலால் அறிந்தவர்கள் அவர்கள். நாடு முழுதும் தீபாவளி இரவில் வானத்தைப் பார்த்து வியக்கிறதே, அந்த நிறங்கள் இவர்களது கையறிவு. கோவிவன் என்ற நாய்க்கு அதன் வேலையைச் சொல்லிக் கல் நட்டார்கள். இவர்களுக்கு அவர்களது வேலையைச் சொல்லி ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் நினைவுநாள் அச்சிட்ட நாட்காட்டிக்கும் பேர்போன ஊர் இதே சிவகாசி. ‘கொடைவள்ளல்’, ‘ஊர் போற்றும் உத்தமர்’ என்ற எழுத்துகள் இங்கேதான் வண்ணத்தில் ஓடி வெளிவருகின்றன. நாட்காட்டியின் தாள்களில் தலைவர்களின் பிறந்தநாள் இருக்கிறது, நினைவுநாள் இருக்கிறது. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அதே தேதி முதலிப்பட்டியின் நாளும்தான் என்று எந்தத் தாளும் சொல்வதில்லை.

தியாகி என்று சொல்லலாமா?

நம் தோழர்களிடையே ஒரு கருத்து உண்டு. பட்டாசு ஆலையில் இறந்தவர்களை உழைப்புத் தியாகிகள் என்று அழைத்து வீரவணக்கம் செலுத்த வேண்டும் என்கிறார்கள். குடும்பங்களுக்கு ஒரு மரியாதை கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். அந்த நோக்கத்தை மதிக்கிறோம். ஆனாலும் அந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை.

வீரவணக்கத்துக்கு நம்மிடம் ஒரு வரலாறு உண்டு. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரன் தீண்டாமைக்கு எதிராகத் தெரிந்தே நின்றவர். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் கொல்லப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் மிரட்டலுக்குப் பணியாமல் பதவியில் அமர்ந்தவர்கள். அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். அந்த முடிவுக்கே வணக்கம். அந்த வணக்கத்தைச் செலுத்தவும் நாம் விலை கொடுத்திருக்கிறோம். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடிக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்கள் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். இரங்குவதற்கான உரிமையே இங்கே அரசியல் உரிமையாக இருக்கிறது.

பட்டாசுத் தொழிலாளி அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை. அன்றைய கூலிக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து உலை வைக்க நினைத்தார். தியாகம் என்று சொன்னால் அவர் தானாகக் கொடுத்தார் என்றாகிவிடும். கொடுத்ததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பறிக்கப்பட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ‘பலி’யை மறுக்கும் நாம் ‘தியாக’த்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது. மரியாதை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அவர்களது உழைப்பையும் வாழ்வையும் புகழ்வோம். அவர்களது சாவை வழக்காக நடத்துவோம்.

அம்பேத்கரின் எச்சரிக்கை

1943 ஜனவரி 18 அன்று புணேயில் ரானடேயின் 101ஆம் பிறந்தநாள் விழாவில் அம்பேத்கர் பேசினார். புகழுரை ஆற்ற அழைக்கப்பட்ட இடத்தில், ஒருவரை மாமனிதர் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற கேள்வியை எழுப்பினார். ஒருவரிடம் மதிப்பு வைத்து அதை வெளிப்படுத்துவது வேறு, சிந்தனையை அடகுவைத்து அவருக்குக் கீழ்ப்படிவது வேறு என்று பிரித்துக் காட்டினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போதும் அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழிவிடும் என்று எச்சரித்தார். நம் தலைவர்களின் நினைவுநாளில் நாம் கட்டும் பதாகைகளையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

அதே அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று பீமா கோரேகான் தூணின் முன் போய் நின்றார். 1818இல் அங்கே இறந்த மகர் படைவீரர்களின் பெயர்கள் அந்தக் கல்லில் இருந்தன. வெட்டியவர்கள் வெள்ளையர்கள், காரணமும் அவர்களுடையது. ஆனாலும் கல்லில் பெயர் இருந்ததால் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு மக்கள் கூட்டம் தன் வரலாற்றை அங்கிருந்து தொடங்க முடிந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்களும் நினைவிடத்தில் இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கல் விடுவிக்கவில்லை. ஆண்டுதோறும் மக்கள் அங்கே போய்ப் பெயர்களைப் படிக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறோம். பட்டாசு ஆலைகளில் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை ஊர் ஊராகத் தொகுக்க வேண்டும். குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்ததை மட்டும் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஏழு விவரங்கள் போதும். பெயர். ஊர். அன்று செய்த வேலை. அந்த வேலையில் எத்தனை ஆண்டு. அன்றைய கூலி. அறிவித்த தொகையில் கைக்கு வந்தது எவ்வளவு. வழக்கு எந்த நீதிமன்றத்தில், எந்த நிலையில். முதல் நான்கும் புகழுரை. கடைசி மூன்றும் ஒப்பாரியின் வழக்கு.

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது களப்பணி. சட்டம் படிப்பவர்களுக்கு இது சாட்சியம். பறையடிக்கும் தோழர்களுக்கு, நம் வீட்டுச் சாவுக்கு நாமே அடிக்கும் அடி. அடுத்த செப்டம்பர் 5 அன்று இதே மேடையில் வேறு எந்த உரையும் வேண்டாம். தொகுத்த பெயர்களை ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, வேலையின் பெயரோடு சேர்த்துப் படிப்போம். குடும்பத்துப் பெண்கள் விரும்பினால் அவர்களே படிக்கட்டும். ஊர் நுழைவில் ஒரு கல் நடுவதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர்க் குடும்பங்கள் கூடித் தீர்மானிக்கட்டும். பதிவேட்டுக்கான நோட்டுகள் இன்று அரங்க வாசலில் இருக்கின்றன. ஊருக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.